கண்டு கற்கும் சொட்டுப் பௌதிகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"விஞ்ஞானமும் சமயமும்" என்ற பொருள்பற்றிப் பேசும்படி உங்கள் செயலாளர் என்னைக் கேட்டார். அப்பொருளிலே என்னினும் நன்றாகப் பேசியோர் பலர். ஆகவே, பள்ளிக்கூட ஆசிரியன் ஒருவனுக்குத் தெரிந்த சிறு விடயம் ஒன்றைச் சொல்ல விடை தருமாறு வேண்டினேன். அவர் சிறிது தயங்கி, "கணக்கு வருமோ, மாஸ்ரர்?" என்றார். "கூட்டலும் பெருக்கலும் வரும், அதற்கு மேல் வராது" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முயல்கின்றேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது சொட்டுப் பௌதிகத்தை மாணவருக்குக் கற்பிக்கும் முறை. குவாண்டம் என்னும் சொல்லுக்கு எங்கள் நாட்டுப் பாடநூல்கள் சொட்டு என்ற அழகிய சொல்லை வைத்தன. சக்திச்சொட்டு என்றும் சொட்டெண் என்றும் எங்கள் பிள்ளைகள் படிக்கின்றனர். தமிழகத்தார் குவாண்டம் என்றே வழங்குவர். கூரைத் தாழ்வாரத்திலிருந்து மழைநீர் சொட்டுவதைக் கண்ட எவருக்கும் இச்சொல் பாதிப் பொருளைத் தானே உணர்த்திவிடும். மற்றப் பாதியை உணர்த்துவதுதான் ஆசிரியனின் வேலை. அந்த வேலையை நான் நெடுங்காலம் செய்யவில்லை என்பதை முதலிலே சொல்லிவிடுகின்றேன்.

உயர்தர வகுப்பிலே "சடமும் கதிர்ப்பும்" என்று ஓர் அலகு உண்டு. பல ஆண்டுகளாக அதனை நான் கற்பித்தேன். கற்பித்தேன் என்பதிலும் ஒப்புவித்தேன் என்பது பொருந்தும். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவேன். பழைய வினாத்தாள்கள் பத்தைச் செய்விப்பேன். அலகு முடிந்தது என்பேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், ஒளி சொட்டுச் சொட்டாத்தான் வருகுதெண்டால் ஏன் அது எங்கட கண்ணுக்குத் தெரியேல்லை?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியும். ஆனால் மணியடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. செய்து முடிக்கவேண்டிய கணக்கோ மூன்று இருந்தன. "அது பரீட்சைக்கு வராது, பிள்ளை, இரும்" என்றேன். அவள் இருந்தாள். பரீட்சையிலே மிகச் சிறந்த பெறுபேறும் பெற்றாள். ஆனால் அதன்பின் என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நான் நல்லாசிரியன் என்று ஊரார் சொன்ன காலத்திலே நிகழ்ந்தது இது.

எங்கள் சைவசித்தாந்த நூல்கள் ஒன்றை அறிவதற்கு அளவைகளாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைச் சொல்லுகின்றன. சிவஞானசித்தியாரைப் பாடங்கேட்ட பெரியோர் இங்கே இருக்கின்றனர். அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் பௌதிகவியல் வகுப்பிலே மூன்றாவது அளவை மாத்திரமே எஞ்சிவிட்டது. ஐன்ஸ்ரைன் சொன்னார், போர் சொன்னார், மாஸ்ரர் சொன்னார் என்று எல்லாம் உரையாகவே போய்விடுகின்றது. காட்சியும் இல்லை, காட்சியிலிருந்து கருதலும் இல்லை. அணுவைக் கண்ணாற் காணமுடியாதே என்று சிலர் சொல்லக்கூடும். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுகின்றோம் அல்லவா? அந்தப் புகையையாவது பிள்ளைக்குக் காட்டவேண்டாமா?

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடையிலிருந்தே தொடங்குகின்றேன். கடைகளில் விற்கும் சிவப்பு லேசர்ச் சுட்டி ஒன்று ஒரு மில்லிவாற்று வலுவுடையது என்று கொள்வோம். அது ஒரு செக்கனில் வெளிவிடும் ஒளிச்சொட்டுக்களின் தொகை ஏறக்குறைய மூவாயிரம் இலட்சம் கோடி. மாரிமழை கொட்டும்போது ஒவ்வொரு துளியையும் நாம் பிரித்துக் கேட்பதில்லை, இரைச்சலாகவே கேட்கின்றோம். அதுபோலத்தான் இதுவும். இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனிக் காட்சிக்கு வருவோம். சிறுபிள்ளைகள் அறைச் சுவரில் ஒட்டும், இருளில் ஒளிரும் நட்சத்திர ஒட்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்றை ஒருநாள் முழுதும் பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்து எடுத்து, இருளறையிலே சிவப்பு ஒளிகாலும் இருவாயியின் ஒளியை அதன்மேல் விழச் செய்யுங்கள். ஒரு நிமிடம் வைத்தாலும் ஐந்து நிமிடம் வைத்தாலும், ஒன்று வைத்தாலும் ஐந்து வைத்தாலும், விளக்கை அணைத்தபின் ஒட்டி இருட்டாகவே கிடக்கும். பின்பு மங்கலான நீல இருவாயி ஒன்றினால் அதன்மேல் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே பச்சையாக ஒளிரும். பிள்ளைகள் தங்கள் பெயரையே எழுதிப் பார்ப்பர். சாதாரண வெள்ளை ரோச் லைற் இதற்கு உதவாது, அதிலே நீலமும் கலந்திருப்பதால்.

இதன் பொருளை ஆசிரியர் உடனே சொல்லிவிடக்கூடாது. சொட்டின் பருமன் நிறத்தைப் பொறுத்தது. சிவப்புச் சொட்டு சிறியது, நீலச் சொட்டு பெரியது. சிறிய சொட்டுக்கள் எத்தனை விழுந்தாலும் ஒட்டியிலுள்ள பொருளை எழுப்பமாட்டா, பெரிய சொட்டு ஒன்றே எழுப்பிவிடும். இதனை மாணவர் தாமாகவே சொல்லும்வரை காத்திருக்கவேண்டும். என் வகுப்பில் ஒருவன், "நூறு ஐஞ்சு ரூபாக் குத்தி இருந்தாலும் ஐந்நூறு ரூபாத் தாள் மட்டும் எடுக்கிற மெசினிலை சாமான் வாங்கேலாது" என்றான். அதனினும் நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. உலோகத்தின்மீது ஒளி விழ இலத்திரன் வெளியேறுவதாகிய ஒளிமின் விளைவுக்கு ஐன்ஸ்ரைன் 1905ஆம் ஆண்டு சொன்ன விளக்கமும் இதுவே. அதற்காகவே 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் சொன்னதைப் பிழையென்று காட்ட எண்ணிப் பல ஆண்டு பாடுபட்டவர் அமெரிக்கராகிய மில்லிக்கன். 1916ஆம் ஆண்டளவிலே அவருடைய அளவீடுகள் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டையே உறுதிப்படுத்தின. தாம் நம்பாத ஒன்றைத் தம் கையாலேயே நிரூபித்துக் கொடுத்த அந்த நேர்மையை மாணவருக்குச் சொல்லவேண்டும்.

சொட்டின் பருமனை அளக்கவும் முடியும். ஒன்றரை வோல்ற்று மின்கலங்கள் மூன்று, மாறுந்தடை ஒன்று, பல்மானி ஒன்று, வெவ்வேறு நிறமுள்ள இருவாயிகள் நான்கு ஆகியன வேண்டும். இருவாயியைக் கறுத்தத் தாட்குழாய்க்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே வோல்ற்றளவை மெல்லக் கூட்டவேண்டும். சிவப்பு ஏறக்குறைய 1.7 வோல்ற்றிலே கண்விழிக்கும், நீலமோ 2.5 வோல்ற்றளவிற்றான் விழிக்கும். அந்த வோல்ற்றளவை அலைநீளத்தாலும் இலத்திரனின் ஏற்றத்தாலும் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால் பிளாங்கின் மாறிலி வருகின்றது. (வகுத்தலும் வந்துவிட்டது, செயலாளர் மன்னிக்கவேண்டும்.) எங்கள் மாணவர் 5.5 × 10⁻³⁴ தொடக்கம் 6.5 × 10⁻³⁴ யூல் செக்கன் வரை பெறுவர். உண்மைப் பெறுமானம் 6.626 × 10⁻³⁴. வெளிச்சம் தொடங்கும் கணம் கண்ணுக்குக் கூரியதாக இல்லாமையால் இந்த வேறுபாடு நேர்கின்றது. அதனை ஒளித்து, "சரியாக வந்தது" என்று கொப்பியில் எழுதும் பழக்கத்தை நாம் வளர்க்கக்கூடாது. 1900ஆம் ஆண்டு திசெம்பர் 14ஆம் நாள் பேர்லினில் பிளாங்க் அறிவித்த அந்த எண்ணைக் கொண்டுதான் 2019ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் கிலோகிராமே வரையறுக்கப்படுகின்றது. சந்தையில் நிறுக்கும் மரக்கறிக்கும் இதற்கும் தொடர்புண்டு என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகின்றனர்.

நிறமாலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கின்றேன். பாவித்துக் கழித்த இறுவட்டு ஒன்றிலே ஒரு மில்லிமீற்றருக்கு 625 வரிகள் உள்ளன. ஒரு பெட்டியில் நுண்ணிய பிளவிட்டு இறுவட்டைச் சாய்த்து வைத்தால் அதுவே நிறமாலைகாட்டி. பழைய இழைமின்குமிழின் ஒளி தொடர்ந்த வானவில்லாகத் தெரியும். வாயு நிரப்பிய விளக்கின் ஒளியோ தனித்தனி வரிகளாகத் தெரியும். அடுப்பு நெருப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் மஞ்சள் வரி பளிச்சிடும். 1868ஆம் ஆண்டு ஓகத்து 18ஆம் நாட் சூரியகிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரியனின் ஒளிர்வரிகளை ஆராய்ந்தார். அவ்வாண்டிலே கண்ட மஞ்சள் வரி ஒன்றிலிருந்துதான் ஈலியம் என்னும் மூலகம் பூமியிற் கிடைக்குமுன்பே சூரியனில் அறியப்பட்டது. மற்றொரு பெருங் கிரகணம் 1871ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆம் நாள் எங்கள் யாழ்ப்பாணத்தின் மேலேயே சென்றது. ஆங்கிலேய ஆராய்ச்சிக் குழுவினரிற் சிலர் நிறமாலைகாட்டிகளுடன் இங்கு வந்து பார்த்தனர். அன்று எங்கள் முன்னோர் தீர்த்தமாடிக்கொண்டிருந்திருப்பர். அதிலே குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தீர்த்தமும் ஆடலாம், பெட்டியாலும் பார்க்கலாம்.

அணுவின் ஒளி ஏன் தனித்தனி வரியாக வருகின்றது? இங்கே பாடநூல்கள் சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோன்ற படத்தை வரைகின்றன. 1913ஆம் ஆண்டு போர் சொன்ன அந்தப் படம் அன்றைக்கு ஒரு பெரிய படி. இன்றைக்கு அது திரிபுக்காட்சி. அதனினும் நல்ல காட்சி எங்கள் கோயிலிலேயே இருக்கின்றது. மிருதங்கத்தின் வலந்தலையில் நுண்மணலைத் தூவி விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு தட்டினால், மணல் ஓடிச் சில கோடுகளிலே நிற்கும். வேறு இடத்தைத் தொட்டால் வேறு வடிவம். எந்த வடிவமும் வரும் என்பதில்லை. குறிப்பிட்ட சில வடிவங்களே வரும். அவற்றுக்குரிய சுரங்களும் குறிப்பிட்டனவே. நம் தோல் வாத்தியங்கள் ஏன் சுருதி சேர்கின்றன என்பதைச் சர். சி. வி. இராமன் இவ்வாறு மணல் தூவி ஆராய்ந்து 1934ஆம் ஆண்டு கட்டுரை எழுதினார். கட்டுண்ட அலை சில சுரங்களை மாத்திரமே பாடும். அணுவுக்குள் கட்டுண்ட இலத்திரனும் அலையே என்று 1926ஆம் ஆண்டு சுரோடிங்கர் கணித்தார். மிருதங்கம் வாசிக்கும் மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் அந்தப் பாடத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள். (வாத்தியத்தின் சொந்தக்காரரிடம் முதலிலே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேளாமற் செய்து ஏச்சு வாங்கியிருக்கின்றேன்.)

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகின்றேன். இதனைச் சற்று நின்று சொல்லவேண்டும்.

ஒரு கோயில் மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள் என்று கொள்ளுங்கள். தெற்கு வாசலை மட்டும் திறந்தால் வடகிழக்கு மூலைக்கு நூறுபேர் வந்து சேர்கின்றனர். வடக்கு வாசலை மட்டும் திறந்தாலும் அம்மூலைக்கு நூறுபேர் வருகின்றனர். இரண்டையும் திறந்தால் எத்தனை பேர் வருவர்? இருநூறு என்று ஊரெல்லாம் சொல்லும். ஒருவரும் வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஒளியும் இலத்திரனும் அவ்வாறு நடந்துகொள்கின்றன. தலைமயிர் ஒன்றை லேசர்ச் சுட்டியின் வாயிலே ஒட்டி இருளறையில் சுவரின்மேல் அடித்துப் பாருங்கள். மயிரின் இருபக்கத்தாலும் வந்த ஒளி சேர்ந்து ஒளியும் இருளுமாக மாறிமாறிப் பட்டைகள் விழும். இரண்டு மீற்றர் தூரத்தில் அவை ஏறக்குறைய இரண்டு சதமமீற்றர் இடைவெளியில் இருக்கும். (சுட்டியை ஒருவர் கண்ணிலும் அடிக்கக்கூடாது, இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை.) ஆங்கில வைத்தியர் யங் 1803ஆம் ஆண்டு சூரியக் கதிரின் நடுவே மெல்லிய அட்டைத்துண்டைப் பிடித்துக் காட்டியதும் இதுவே.

அலையென்றால் இது விளங்கும். ஆனால் ஒளி சொட்டு என்றும் கண்டோமே! சொட்டுக்கள் ஒவ்வொன்றாக வந்தால் என்னாகும்? 1909ஆம் ஆண்டு கேம்பிரிட்சிலே ரெயிலர் என்னும் இளைஞர் ஓர் ஊசியின் நிழலை மிக மங்கலான ஒளியில் படம்பிடித்தார். புகைபிடித்த கண்ணாடிகளால் ஒளியை மறைத்து மறைத்து, ஒரு படத்துக்கு 2000 மணிநேரம், ஏறக்குறைய மூன்று மாதம், காத்திருந்தார். பட்டைகள் அப்படியே விழுந்தன. 1989ஆம் ஆண்டு யப்பானில் தொனோமுறாவும் அவர்தம் கூட்டத்தாரும் இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பி, அவை திரையில் விழுவதைப் படமாக்கினர். முதலில் பத்துப் புள்ளிகள், ஓர் ஒழுங்கும் இல்லை. நூறு புள்ளிகளிலும் இல்லை. ஆயிரக்கணக்கானபோது மெல்லத் தெரிகின்றது. பல்லாயிரமானபோது பட்டைகள் கோடு போட்டதுபோல் நிற்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் தனித்தே வந்தது. ஆயினும் எல்லாம் சேர்ந்து அலையின் கோலத்தை இட்டன.

இதனை வகுப்பிலே செய்யும் வழியைச் சொல்லுகின்றேன். அமெரிக்கப் பௌதிகவியலாளர் பைன்மன் பொதுமக்களுக்கு அம்புக்குறிகளால் இதனை விளக்கினார். அதனை நான் எங்கள் பிள்ளைகளின் ரயர் உருட்டும் விளையாட்டோடு சேர்த்துக்கொண்டேன். அட்டையிலே பத்துச் சதமமீற்றர் விட்டமுள்ள சில்லு இரண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி கீறுங்கள். நிலத்தில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள். அவையே இரண்டு வாசல்கள். அவற்றுக்கு நேரே மூன்று மீற்றர் தள்ளிச் சுவர். சுவரோரம் நடுவிலிருந்து இருபுறமும் 25 சதமமீற்றருக்கு ஒன்றாக ஒன்பது இடங்களைக் குறியுங்கள். இரண்டு மாணவர் ஒரே திசையில் அம்பை நிறுத்தி, இரண்டு வாசல்களிலிருந்தும் நேர்கோட்டிலே ஒரே இடத்துக்குச் சில்லை உருட்டி வரவேண்டும். நடு இடத்திலே இரண்டு அம்புகளும் ஒரே திசையைக் காட்டும். அரை மீற்றர் தள்ளிய இடத்திலே ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். ஒரு மீற்றர் தள்ளிய இடத்திலே மீண்டும் ஒரே திசை. இடைப்பட்ட இடங்களிலே ஒன்றுக்கொன்று செங்குத்து.

இனிக் கூட்டல் பெருக்கல். அம்புகளை ஒன்றன் நுனியில் ஒன்றாக வைத்துக் கூட்டி, வரும் நீளத்தை அதனாலேயே பெருக்கவேண்டும். ஒரே திசையில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. எதிர்த்திசையில் பூச்சியம். செங்குத்தானால் இரண்டு. ஆகவே ஒன்பது இடங்களுக்கும் முறையே நான்கு, இரண்டு, பூச்சியம், இரண்டு, நான்கு, இரண்டு, பூச்சியம், இரண்டு, நான்கு என்று வருகின்றது. கூட்டினால் இருபது. இருபது சீட்டுக்களில் அந்தந்த இடத்தின் எண்ணை அந்தந்த அளவு எழுதிப் பானையில் இடுங்கள். ஒவ்வொரு மாணவராக வந்து ஒரு சீட்டை எடுத்து, அந்த எண்ணுக்குரிய நிரலிலே ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டி, சீட்டைத் திரும்பப் பானையில் இடவேண்டும். நாற்பது பேர் ஐந்துமுறை வந்தால் இருநூறு பொட்டு. முதற் பத்துப் பொட்டிலே "சேர், இது பிழைச்சுப் போச்சு" என்பர். நூறாகும்போது சத்தம் குறையும். இருநூறாகும்போது சுவரிலே மூன்று பெரும் பட்டைகளும், ஒரு பொட்டுமில்லாத இரண்டு நிரல்களும் நிற்கும். தொனோமுறாவின் படத்தை அதற்குப் பின்பே காட்டவேண்டும். முன்பு காட்டினால் அது வெறும் படம்.

ஒரு வாசலை அடைத்தால் எல்லா இடத்துக்கும் ஒவ்வொரு சீட்டுத்தான், பட்டை இல்லை. இரண்டும் திறந்திருந்தாலும், எந்த வாசலால் வந்தது என்று அறியும் குறி வைத்துவிட்டால், ஒவ்வோர் அம்பையும் தனித்தனியே பெருக்கிப் பின்பு கூட்டவேண்டும். எல்லா இடத்துக்கும் இரண்டு. அப்பொழுதும் பட்டை இல்லை. கூட்டிப் பெருக்குவதா, பெருக்கிக் கூட்டுவதா என்ற இந்த வேறுபாட்டுக்குள்ளேயே சொட்டுப் பௌதிகத்தின் பெரும் புதிர் அடங்கியிருக்கின்றது. பதினான்கு வயதுப் பிள்ளை இதனைச் செய்வதை நான் கண்டிருக்கின்றேன்.

ஆனால் இந்தச் சீட்டிலே ஒரு பொய் உண்டு. அதனையும் மாணவருக்குச் சொல்லவேண்டும். கோயிலில் திருவுளச்சீட்டு எடுக்கும்போது எடுக்கப்போகும் பெயர் முன்பே எழுதப்பட்டு மடிக்கப்பட்டுக் கிடக்கின்றது. எங்களுக்கு மாத்திரமே தெரியாது. இலத்திரனும் அப்படித் தன் சீட்டை மடியிற் கட்டிக்கொண்டு வருகின்றதா? ஐன்ஸ்ரைன் அத்தகைய எண்ணமுடையவராகவே இருந்தார். 1964ஆம் ஆண்டு யோன் பெல் என்னும் ஐரிஷ் அறிஞர், சேர்ந்து பிறந்து தூரப் பிரிந்த இரண்டு துணிக்கைகள் தத்தம் சீட்டை முன்பே எழுதிக்கொண்டு, ஒன்றையொன்று தீண்டாமற் செல்கின்றன என்றால் அளவீடுகள் ஒரு வரம்பைத் தாண்டமாட்டா என்று காட்டினார். கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் முதலியோரின் பரிசோதனைகளில் அந்த வரம்பு தாண்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு நோபெல் பரிசு அம்மூவருக்கும் கொடுக்கப்பட்டது இதற்காகவே.

மூன்று முனைவாக்கித் தகடுகளைக்கொண்டு செய்யும் வேடிக்கை ஒன்றும் உண்டு. பழுதான கணிப்பான்களின் காட்சித்தட்டின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தகட்டை உரித்தெடுத்தாற் போதும். இரண்டைக் குறுக்காக வைத்தால் முழு இருள். இப்பொழுது அவற்றின் நடுவிலே மூன்றாவது தகட்டைச் சரிவாகச் செருகினால் என்ன நிகழும்? செருகுமுன் ஒவ்வொருவரும் தம் விடையை எழுதிவைக்கவேண்டும். இருளுக்குள் இன்னொரு தடையை வைத்தால் இன்னும் இருளும் என்றே பெரும்பாலோர் எழுதுவர். நிகழ்வதோ, வெளிச்சம் வருகின்றது. முதற் தகட்டைக் கடந்த நூறு சொட்டில் ஐம்பது நடுத்தகட்டையும், அதிற் பாதியான இருபத்தைந்து கடைசித் தகட்டையும் கடக்கின்றன. ஒரு சொட்டு பாதியாய் உடைவதில்லை. ஒன்றில் முழுதாகக் கடக்கின்றது, அல்லது கடப்பதில்லை.

முன்பே விடை எழுதுவித்தல் சிறு விடயம் அன்று. ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாசூர் என்பவர் 1991ஆம் ஆண்டு தொடக்கம், மாணவரைப் பக்கத்திலிருப்பவரோடு வாதிடவிட்டுக் கற்பிக்கும் முறையைக் கையாண்டவர். அவரும் உடன் ஆய்வாளரும் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பரிசோதனையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த மாணவருக்கும் பாராத மாணவருக்கும் விளக்கத்திலே பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டனர். முன்பே எதிர்பார்ப்பைச் சொன்னவரே பயன் பெற்றனர். வாணவேடிக்கை காட்டுவதால் மாத்திரம் பிள்ளை கற்றுவிடாது என்று இதனால் அறிந்து நானும் சிறிது வெட்கினேன்.

கணினியை மறந்துவிட்டேனோ என்று இளைஞர்கள் எண்ணக்கூடும். நோபெல் பரிசு பெற்ற கால் வீமன் 2002ஆம் ஆண்டு கொலராடோப் பல்கலைக்கழகத்திலே தொடங்கிய "பெற்" என்னும் பாவனைப் படங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒளிமின் விளைவைத் திரையிலே நிறத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். மிகவும் நல்லவை, நானும் பயன்படுத்துகின்றேன். எனினும் திரையிலே காண்பது ஒருவர் எழுதிவைத்த விதி. சுவரிலே காண்பது ஒளி. முதலிற் சுவர், பிறகு திரை என்பது என் கட்சி. இளைய ஆசிரியர்மாரிற் சிலர் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

இறுதியாக, நான் தவிர்த்துக்கொண்ட "விஞ்ஞானமும் சமயமும்" என்ற பொருளுக்கு ஒரு கடன் செலுத்தவேண்டும். இத்தகைய மேடைகளிலே, சொட்டுப் பௌதிகம் முழுவதும் எங்கள் முன்னோர் முன்பே சொன்னது என்று பேசக் கேட்டிருக்கின்றேன். சைவாகமங்களிலே அணு என்ற சொல் கட்டுண்ட உயிரைக் குறிப்பது. பௌதிகவியலின் அணு சடம். ஒரே சொல் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கினால் சித்தாந்தமும் கெட்டது, விஞ்ஞானமும் கெட்டது. சுரோடிங்கர் உபநிடதங்களை விரும்பிப் படித்தவர். 1944ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலும் அவற்றைப் போற்றினார். ஆனால் அவருடைய சமன்பாடு டி புறோக்லியின் அலைக்கொள்கையிலிருந்தும் ஒளியியலிலிருந்தும் வந்தது. உபநிடதத்திலிருந்து எடுத்ததாக அவர் சொல்லவில்லை. செனீவாவிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில் 2004ஆம் ஆண்டு முதல் நடராசர் திருவுருவம் நிற்கின்றது. இந்திய அரசு கொடுத்தது. அதனைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அங்குள்ளோர் கூத்தனைப் பார்த்துக் கணக்கை எழுதவில்லை. டாக்காவிலே மாணவருக்குப் பிளாங்கின் விதியைக் கற்பிக்கும்போது, பழைய நிறுவல் தமக்கே திருப்தி தராமையால் புதிய நிறுவல் ஒன்றைக் கண்டு, 1924ஆம் ஆண்டு அதனை ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பிய சத்தியேந்திரநாத் போசை நினைத்துப் பாருங்கள். ஐன்ஸ்ரைனே அதனை யேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். எங்களுக்கு வேண்டிய பெருமை அதிலே இருக்கின்றது. அது வகுப்பறையிற் பிறந்த பெருமை.

ஐசன்பேக்கின் கட்டுரை வந்து நூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அமைப்பு இத்துறைக்குரிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலே எங்கள் சங்கத்து வாசிகசாலையில் ஓர் அலுமாரித் தட்டை இதற்கு ஒதுக்குமாறு கேட்டேன், தந்தார்கள். இறுவட்டுப் பெட்டி மூன்று, நட்சத்திர ஒட்டிகள், இருவாயிகள், முனைவாக்கித் தகடுகள், அட்டைச் சில்லுகள் அங்கே இருக்கின்றன. சனிக்கிழமை மாலையிலே எவரும் எடுத்துப் பார்க்கலாம். பெரியோரும் வரலாம். மிருதங்கம் மாத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. பழையது ஒன்று வைத்திருப்போர் தந்துதவலாம்.

மண்டபத்தின் வெளிவாசலிலே ஒரு வெள்ளைத் தாளும் பானையும் வைத்திருக்கின்றேன். பொட்டுக்கள் பக்கத்திலே தட்டில் உள்ளன. உணவுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து, அந்த நிரலில் ஒரு பொட்டை ஒட்டிச் சீட்டைத் திரும்பப் பானையில் இட்டுச் செல்லுங்கள். முதலிற் போகின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாகப் போகின்றவர்கள் சற்று நின்று பாருங்கள்.